கை தானாகப் போகும் நேரம்: தோலைப் பிய்க்கும் பழக்கத்திலிருந்து மீள ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள மலையூரான எங்கள் குமுளியில் குளிர் உண்டு. வருடம் முழுக்க முழுக்கைச் சுடிதாரும் ஸ்வெட்டருமாக நடந்தாலும் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் பதினாறு வருடம் அப்படி நடந்தேன். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு மலை இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்வேன். லோயர் கேம்ப் தாண்டியதுமே பஸ் ஜன்னலில் அனல் அடிக்கும். வீரபாண்டியில் தீச்சட்டி எடுப்பவர்களுக்கு நடுவில், எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, நான் மட்டும் மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு நிற்பேன். "ஏண்டி, இந்த வேக்காட்டுல எதுக்கு இப்படிப் போர்த்திக்கிட்டு வர்ற?" என்று கூடலூர் அத்தை கேட்பார். ஒரு வருடம் கொசுக்கடி என்றேன். இன்னொரு வருடம் தோட்டத்தில் அட்டை கடித்துவிட்டது என்றேன். அடுத்த வருடம் அலர்ஜி.

உண்மையில் அது என் விரல் செய்த வேலை. இரண்டு முன்கையிலும், தோள்பட்டையிலும், தாடையிலும், கட்டைவிரல் ஓரங்களிலும் நானே நோண்டி, பக்கு உரித்து, மறுபடி நோண்டிய புண்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு பொய் கைவசம் இருக்கலாம். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. தேக்கடி ரோட்டில் ஒரு மசாலாக் கடையில் கணக்கும் விற்பனையும் பார்க்கிறேன். ஆனால் இந்தப் பழக்கத்தை உள்ளிருந்து தெரியும். மருத்துவர்கள் சொல்லிக் கொடுத்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும், எனக்குப் பலன் தந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லோரும் எப்போதாவது பருவைக் கிள்ளுவார்கள், நகம் கடிப்பார்கள். அது நோய் ஆகாது. திரும்பத் திரும்பப் பிய்த்துப் புண் ஆகிறது, நிறுத்தப் பலமுறை முயன்றும் முடியவில்லை, அதனால் வெட்கமோ வேதனையோ வேலைக்கு இடைஞ்சலோ வருகிறது என்றால், அது மருத்துவத்தில் பெயர் உள்ள ஒரு கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட கையேட்டில் இதைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022ல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், தோல் பிய்ப்பதும் முடி பிடுங்குவதும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. நகம் கடிப்பது, உதட்டைக் கடித்து உரிப்பது, கன்னத்தின் உட்சதையை மெல்லுவது எல்லாம் இவற்றுக்குச் சொந்தம்தான்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது. ஆனால் நூறு பேரில் ஒருவர் இருவருக்குக் குறையாது. பெரும்பாலும் பருவ வயதில், முகப்பரு வரும்போது தொடங்கும். கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு மலை ஏறும் ஜீப்புகளைக் காலையில் எண்ணிப் பார்த்தால், நாலைந்து ஜீப்புக்கு ஒருவராவது என் ஜாதி என்று அர்த்தம். யாரும் சொல்லாததால் நாம் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதை "தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல்" என்று சிலர் குழப்புகிறார்கள். வலிக்க வேண்டும் என்று நாம் செய்வதில்லை. ஒரு சொரசொரப்பைச் சமப்படுத்த வேண்டும், உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும் என்றுதான் கை போகிறது. செய்யும்போது ஒரு நிம்மதி, முடித்ததும் ஐயோ என்ற தவிப்பு. அந்தத் தவிப்பிலேயே மறுபடி கை போகும்.

என் கதையில் இன்னொரு இழையும் உண்டு. பதினேழு வயதில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனேன். இலைப்பேன் தாக்கித் தோல் சொரசொரத்த காய், வெடித்த காய், காம்பு ஒட்டிய காய் எல்லாவற்றையும் பார்க்காமலேயே விரல் பிரித்து ஒதுக்க வேண்டும். பேசிக்கொண்டே பிரிப்போம். வேலை முடிந்த பிறகும் விரல் நிற்கவில்லை. என் சொந்தத் தோலிலேயே சொரசொரத்த காயைத் தேட ஆரம்பித்தது. அந்த வேலைதான் பழக்கத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். என்னோடு பிரித்த எத்தனையோ பேருக்கு இது வரவில்லை. ஆனால் என் விரல் கெட்ட விரல் இல்லை, ஒரு வேலையை மிக நன்றாகக் கற்றுக்கொண்டு தவறான இடத்தில் செய்கிறது என்று புரிந்த நாளில்தான் எனக்கு மூச்சு வந்தது.

முதல் படி: நிஜமான அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சிரங்கு, படர்தாமரை, கரப்பான், ஒவ்வாமை இவற்றில் ஏதாவது இருந்தால் அதைக் குணப்படுத்தாமல் மனசோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தே அரிக்கிறது, விரல் இடுக்கிலும் இடுப்பிலும் ராத்திரியில் அதிகம் அரிக்கிறது என்றால் சிரங்காக இருக்கலாம். அப்போது வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். தோலில் எதுவும் தெரியாமல் உடம்பு முழுக்க அரித்தால் தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், இரும்புச்சத்துக் குறைவு என்று பல காரணம் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மருந்துக் கடையில் கேட்டு ஏதாவது ஒரு கிரீம் வாங்கிப் பூசாதீர்கள். எனக்கு அப்படி ஒருவர் எடுத்துக் கொடுத்தது ஸ்டீராய்டு கலந்தது. முகத்தில் மூன்று மாதம் பூசினேன். தோல் மெலிந்து, சிவந்து, முன்பைவிட அதிகப் பரு வந்தது. பருவைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? அந்த மூன்று மாதத்துக்கு ஒன்றரை வருடம் விலை கொடுத்தேன்.

இரண்டாம் படி: ஒரு வாரம் எழுதுங்கள், நிறுத்த முயலாதீர்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் நாள், நேரம், இடம், உடம்பில் எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் என்று இரண்டு வரி எழுதுங்கள். என் பழைய நோட்டிலிருந்து மூன்றை அப்படியே தருகிறேன்:

திங்கள், இரவு 9.40. குளியலறை. பல் தேய்க்கப் போனேன். தாடையில் ஒரு மேடு தட்டுப்பட்டது. 35 நிமிடம்.

புதன், மதியம் 3. கடை. ஆள் இல்லை. இடது கட்டைவிரல். எப்போது தொடங்கினேன் தெரியாது. பில் புத்தகத்தில் ரத்தம் பட்டதும்தான் பார்த்தேன்.

வெள்ளி, மாலை 6. பையன் பள்ளிக்கூடத்திலிருந்து போன். முழங்கைப் பக்கம். 10 நிமிடம். வந்த கோபம் போய்விட்டது.

இந்த மூன்றும் மூன்று வேறு பிராணிகள் மாதிரி. திங்கட்கிழமை நடந்தது தெரிந்தே செய்வது: கண்ணாடி, வெளிச்சம், தேடல். புதன்கிழமை நடந்தது தெரியாமலே நடப்பது: கை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை நடந்தது கோபத்தைத் தணிக்கச் செய்தது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எழுதாமல் இருந்திருந்தால் மூன்றையும் சேர்த்து "எனக்கு மனவுறுதி இல்லை" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். வருடக்கணக்காக முடித்துக்கொண்டும் இருந்தேன்.

மருத்துவர்கள் இந்தத் தூண்டுதல்களை ஐந்தாகப் பிரிக்கிறார்கள்: தோலில் தோன்றும் உணர்வு, மனதில் ஓடும் எண்ணம், அப்போதைய மனநிலை, உடம்பு இருக்கும் வாக்கு (உட்காரும், நிற்கும் விதம்), இடம். உங்கள் ஒரு வார நோட்டை இந்த ஐந்தோடு ஒட்டிப் பாருங்கள். "இதை மட்டும் எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்ற எண்ணமா? கன்னத்தில் கையை ஊன்றி உட்காரும் வாக்கா? எனக்கு இடமும் வாக்கும் பெரும்பங்கு. வேறு ஒருவருக்கு முழுக்க முழுக்கப் பதற்றமாக இருக்கலாம்.

நோட்டு எழுதும்போதே பலருக்கு எண்ணிக்கை கொஞ்சம் குறையும். கவனித்தாலே தெரியாமல் நடப்பது தெரிந்து நடப்பதாக மாறுகிறதே, அதனால்தான்.

மூன்றாம் படி: இடத்தை மாற்றுங்கள்

இது சுலபம், உடனே பலன் தெரியும். எங்கள் குளியலறைக் கண்ணாடிக்கு மேலே வெள்ளை டியூப்லைட் இருந்தது. அதைக் கழற்றி மங்கலான மஞ்சள் பல்பு போட்டோம். கண்ணாடியில் இடுப்பு உயரத்துக்கு மேல் நியூஸ் பேப்பர் ஒட்டினேன். பொட்டு வைக்க உள்ளங்கை அளவு இடம் மட்டும் விட்டேன். பின்னூசி, ஊக்கு, சாமணம் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு அம்மாவின் பீரோவுக்குள் வைத்தேன். எடுக்க வேண்டுமென்றால் அம்மாவைக் கேட்க வேண்டும், அந்த ஒரு நிமிடத் தாமதமே போதும்.

நகத்தை வாரம் இரண்டு முறை ஒட்ட வெட்டி, அரத்தால் முனையை மழுக்குங்கள். கட்டைவிரல் ஓரத்தில் காய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் தோலை நகவெட்டியால் சுத்தமாக வெட்டி எண்ணெய் தடவுங்கள். மழைக்காலம் முடிந்து மலையில் காற்று காயும் மாதங்களில் இந்த ஒன்றே பாதி வேலையைச் செய்தது. தேங்காய் எண்ணெய் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். பிய்க்கப் பிடி கிடைக்காத தோலில் விரல் அதிக நேரம் நிற்காது.

தெரியாமல் நடப்பதற்கு விரலில் ஒரு தடை வேண்டும். டீவி பார்க்கும்போது, பஸ்ஸில், போன் பேசும்போது இரண்டு கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கிணுகிணுக்கும் கண்ணாடி வளையல் போட்டாலும் சரி. கை முகத்துக்கு உயர்ந்தால் சத்தம் காட்டிக் கொடுக்கும். எனக்கு வளையல்தான் கை கொடுத்தது.

நான்காம் படி: கைக்கு எதிர்வேலை கொடுங்கள்

1973ல் நேதன் ஆஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உடம்பு தானாக வெட்டி இழுக்கும் பழக்கங்களுக்கும் நகம் கடிப்பதற்கும் ஒரு முறையை எழுதினார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் சிகிச்சையின் முதுகெலும்பு அதுதான். சாரம் இவ்வளவே: பழக்கத்தைச் செய்யவே முடியாதபடி கையை வேறு ஒரு நிலையில் வைக்க வேண்டும், உந்துதல் வந்த அந்தக் கணத்திலேயே.

எப்படிச் செய்வது? முழங்கையை விலாவோடு ஒட்டுங்கள். கட்டைவிரலை உள்ளே மடித்து, வலிக்காத அளவுக்கு விரல்களை மூடுங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். உந்துதல் தணியவில்லை என்றால் இன்னொரு நிமிடம். உந்துதல் வந்தபோதும் செய்யுங்கள், கை கிளம்பிய பிறகு நினைவு வந்தாலும் செய்யுங்கள், பாதி பிய்த்த பிறகு கண்டுகொண்டாலும் செய்யுங்கள். மூன்றாவதுதான் கஷ்டம். "தொடங்கியாச்சு, இதை முடிச்சிருவோம்" என்று மனம் சொல்லும். அந்த இடத்தில் கையை மூடுவதற்குத்தான் பயிற்சி.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு மூன்று குணம் வேண்டும். அந்த நிலையில் பிய்க்க முடியக் கூடாது. நாலு பேர் முன்னால் செய்தாலும் வித்தியாசமாகத் தெரியக் கூடாது. கருவி எதுவும் தேவைப்படக் கூடாது. கடையில் நான் இரண்டு உள்ளங்கையையும் மேசை விளிம்பில் அழுத்தி நிற்பேன். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது வெறுமனே நிற்பதுதான். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். நடக்கும்போது துப்பட்டா முனையைச் சுருட்டிப் பிடிப்பேன்.

ஒத்திகை இல்லாமல் இது வராது. உந்துதல் இல்லாத நேரத்தில், காலையில் ஒருமுறை, படுக்கும்முன் ஒருமுறை, கண்ணை மூடிக் குளியலறைக் கண்ணாடியை நினைத்துக்கொண்டு, கை உயர்வதை நினைத்து, மடக்குங்கள். ஐந்து முறை. முதல் பத்து நாள் எனக்கு இது பள்ளிக்கூட டிரில் மாதிரி இருந்தது. பதினைந்தாம் நாளோ என்னவோ, போன் பேசிக்கொண்டிருக்கும்போது கை தானாக மூடியிருப்பதைப் பார்த்தேன். இத்தனை வருடமாகத் தானாகப் பிய்க்கப் போன அதே கை. அன்று கடைக்குள் போய் ஏலக்காய் மூட்டைப் பக்கம் நின்று அழுதேன்.

கையை இறுக்கிப் பிடிப்பது பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2023ல் ஒரு ஆய்வு வந்தது. தோல் பிய்ப்பவர்கள், நகம் கடிப்பவர்கள், முடி பிடுங்குபவர்கள் என்று 268 பேர். பாதிப் பேரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு விரல் நுனியையோ உள்ளங்கையையோ கையின் பின்புறத்தையோ மெதுவாகத் தடவக் கற்றுக் கொடுத்தார்கள். பழக்கம் வரும்போது மட்டுமல்ல, தினமும் இரண்டு முறையாவது. ஆறு வாரத்தில் அப்படிச் செய்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு ஓரளவாவது முன்னேற்றம், காத்திருந்தவர்களில் 20 சதவீதம் பேருக்கு. நகம் கடிப்பவர்களுக்கு அதிகப் பலன். காசு செலவில்லை, பக்கவிளைவு இல்லை. தோலுக்கு ஒரு தொடுதல் வேண்டும் என்றால் அதைக் காயப்படுத்தாமலே கொடுக்கலாம்.

கைக்குக் கொடுக்கும் பொருள்கள்

எதிர்வேலை ஒரு நிமிடத்துக்கு. டீவி முன் ஒரு மணி நேரம் உட்காரும்போது கைக்குப் பொருளாகவே ஏதாவது வேண்டும். பூ கட்டுங்கள், வெள்ளைப் பூண்டு உரியுங்கள், வறுத்த வேர்க்கடலையின் சிவப்புத் தோலைத் தேய்த்து எடுங்கள், பச்சை மொச்சை பிதுக்குங்கள். மொச்சை பிதுக்குவதில் இருக்கும் அந்த "பிதுங்கி வெளியே வரும்" உணர்வுதான் பலர் முகத்தில் தேடுவது. கார்த்திகை, மார்கழியில் எங்கள் வீட்டுக்கு வேண்டிய மொச்சையை மட்டுமல்ல, பக்கத்து வீட்டு மதினிக்கும் நான்தான் பிதுக்கிக் கொடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட வேலை சிலருக்கு உந்துதலைத் தணிக்கும், சிலருக்குக் கிளறிவிடும். ஏலக்காய் பிரிப்பது என்னைக் கிளறிவிடும், அதனால் கடையில் அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன். பூண்டு உரிப்பது தணிக்கும். உங்களுக்கு எது என்பதை நோட்டுதான் சொல்லும்.

புண்ணை ஆறவிடுவது

பக்கு இருக்கும்வரை கை போகும். அதனால் புண் ஆற்றுவதே சிகிச்சையில் பாதி. காற்றோட்டமாக விட்டால்தான் புண் காய்ந்து ஆறும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆனால் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962லேயே, மூடி ஈரப்பதமாக வைத்த புண்ணில் புதுத் தோல் வேகமாக வளர்கிறது என்று காட்டினார். பக்கு கட்டாமல் ஆறினால் உரிப்பதற்கும் எதுவும் இருக்காது.

சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவுங்கள். ஒற்றித் துடைத்து, வாசலின் மெல்லியதாகத் தடவி, பிளாஸ்டரால் மூடுங்கள். தினம் ஒருமுறை மாற்றுங்கள். முகத்துக்கு, பருவின் மேல் ஒட்டும் சின்ன வட்ட ஒட்டிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அவை நீரை உறிஞ்சும், விரலையும் தடுக்கும். காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, சாம்பல் எதையும் திறந்த புண்ணில் வைக்காதீர்கள். வெயிலில் போகும்போது மூடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கரும்புள்ளி ஆழமாகும்.

சிவப்பு பரவுகிறது, தொட்டால் சுடுகிறது, சீழ் வைக்கிறது, காய்ச்சல் வருகிறது, புண்ணிலிருந்து சிவப்புக் கோடு ஓடுகிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவமனை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்னப் புண்ணுக்கும் போய்விடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"கையை எடுடி!" என்று அம்மா என் கையில் தட்டிவிட்டது ஆயிரம் முறை இருக்கும். அன்பில்தான் தட்டினார். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் நான் செய்தது கையை எடுத்ததில்லை, கதவைச் சாத்திக்கொண்டதுதான். மறைவில் செய்வதற்கு நேரக் கணக்கு கிடையாது.

உங்கள் மகளோ மனைவியோ தம்பியோ இப்படிச் செய்தால், நல்ல நேரம் பார்த்து ஒருமுறை கேளுங்கள்: "நான் பார்த்தால் சொல்லட்டுமா? எப்படிச் சொன்னால் உனக்குச் சிரமம் இல்லாமல் இருக்கும்?" நானும் அம்மாவும் ஒரு சொல் வைத்துக்கொண்டோம். கை போவதைப் பார்த்தால் "டீ போடவா?" என்பார். வீட்டில் ஆட்கள் இருந்தாலும் யாருக்கும் புரியாது. புண்ணை எண்ணாதீர்கள். ஆறியதைப் பார்த்தால் சொல்லுங்கள். "இந்த முகத்தை யார் கட்டுவான்" என்ற பேச்சு வீட்டில் ஒருமுறை விழுந்தாலும் அது பத்து வருடம் காதில் கேட்கும். சொல்லவே சொல்லாதீர்கள்.

சின்னக் குழந்தைகள் நகம் கடிப்பது பெரும்பாலும் தானே குறைந்துவிடும். மெதுவாக நினைவூட்டினால் உதவும், தண்டித்தால் உதவாது. ஆனால் முடியைப் பிடுங்கி வாயில் போட்டு விழுங்கும் குழந்தைக்கு வயிற்றுவலி, வாந்தி, பசியின்மை வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி முடி விழுங்குவதையும் சொல்லுங்கள். வயிற்றில் முடி உருண்டையாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும்.

எப்போது, எங்கே, யாரைப் பார்ப்பது

மேலே சொன்னதை இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லை, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, வெளியே போவதையே தவிர்க்கிறீர்கள் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, பதற்றம் கூடவே இருந்தால் இன்னும் சீக்கிரம். தோலுக்குள் புழு, பூச்சி ஊர்கிறது என்று உறுதியாகத் தோன்றினாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும், அது வேறு பிரச்சினை. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மலைக்கு மேலே இருப்பவர்களுக்கு இரண்டு மாநிலமும் திறந்திருக்கிறது. கீழே க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் கோட்டயம் மருத்துவக் கல்லூரி, இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் இரண்டு மாநிலத்திலும் நடக்கிறது, பக்கத்து அரசு மருத்துவமனையில் எந்த நாளில் டாக்டர் வருகிறார் என்று கேளுங்கள். போனிலேயே மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையின் எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இரவும் பகலும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். சுகாதார உதவி எண்களும் உண்டு: கேரளத்தில் திசா 1056, தமிழ்நாட்டில் 104.

நான் கடையில் மலையாளம் பேசிப் பேசிப் பழகியவள்தான். ஆனால் இந்த விஷயத்தை மலையாளத்தில் சொல்ல வாய் வரவில்லை. முதல் முறை கேரளப் பக்கம் ஒரு டாக்டரிடம் போய், "சொறிச்சில்" என்று அரிப்புக்கான சொல்லை மட்டும் சொல்லிவிட்டு, அலர்ஜி மாத்திரையோடு திரும்பினேன். வெட்கமான விஷயத்தைத் தாய்மொழியில் சொல்ல வழி தேடுங்கள். வாயால் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். நான் இரண்டாம் முறை நீட்டிய சீட்டில் இவ்வளவுதான் இருந்தது: "அரிப்பு இல்லை. நானே பிய்க்கிறேன். நிறுத்த முடியவில்லை. பதினாறு வருடமாக." கூடவே அந்த நோட்டு. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கையைக் காட்டச் சொன்னார். திட்டவில்லை.

மருந்து பற்றி: மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகள் இதற்கும் தரப்படுகின்றன, சிலருக்கு நல்ல பலன் உண்டு. என்-அசிடைல்சிஸ்டீன் என்று ஒன்று இருக்கிறது, சளி இளக்கும் மருந்தாகப் பலருக்குத் தெரியும். 2016ல் அமெரிக்காவில் 66 பேரிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, கடைசிவரை இருந்தவர்களில், அதை எடுத்தவர்களில் 47 சதவீதம் பேர் நன்றாக முன்னேறினார்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம். எல்லோருக்கும் கேட்காது என்பதும் அதே கணக்கிலேயே தெரிகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்பவர்களும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். எந்த மாத்திரை எடுத்தாலும் நோட்டும் எதிர்வேலையும் தொடரட்டும்.

மறுபடி கை போன நாளில்

போகும். எனக்குப் போனது, இப்போதும் போகிறது. நாற்பது நாள் நன்றாக இருந்துவிட்டு, அப்பா தவறிய வாரத்தில் இரண்டு கையையும் பழையபடி ஆக்கிவிட்டேன். அன்று செய்ய வேண்டியது இதுதான்: கழுவுங்கள், வாசலின் தடவுங்கள், மூடுங்கள், நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். "எல்லாம் போச்சு" என்று எழுதாதீர்கள். நேரம், இடம், முன்னால் நடந்தது, அவ்வளவு போதும். நாள் கணக்கு வைத்துக்கொள்பவர்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மாதத்தில் எத்தனை நாள் கை போனது என்று எண்ணுங்கள். முப்பதில் முப்பதாக இருந்தது இருபதாகி, இருபது எட்டாகியிருந்தால் அந்த ஒரு கெட்ட வாரத்தால் அது அழியாது.

இந்தச் சித்திரையில் வீரபாண்டிக்கு அரைக்கை ரவிக்கையோடு போனேன். தழும்பு இருக்கிறது, வெள்ளையும் கறுப்புமாக. அத்தை கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "அட்டைக்கடியா?" என்றார். "இல்லத்தை, நானே பிச்சது. இப்ப ஆறிக்கிட்டு வருது," என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் இரண்டு கட்டைவிரலையும் என் முன்னால் நீட்டினார். நகத்தின் ஓரமெல்லாம் உரிந்து, காய்த்து, தடித்துக் கிடந்தது. "நாப்பது வருசமாச்சு," என்றார். பக்கத்துக் கடையில் பிளாஸ்டர் இருந்தது. வாங்கி, ராட்டினத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு விரலுக்கும் ஒட்டிவிட்டேன்.